உச்சம் எந்த வயதில்? ஜே கீட் குழுவின் மூளை ஸ்கேன் ஆய்வும் அதன் பின்வரலாறும்

1999 அக்டோபரில் 'நேச்சர் நியூரோசயன்ஸ்' இதழில் ஒரு குறுங்கட்டுரை வெளியானது. மூன்று பக்கங்களுக்குள் அடங்கிவிடும் கட்டுரை. ஆசிரியர் பட்டியலில் முதல் பெயர் ஜே கீட், கடைசிப் பெயர் ஜூடித் ரப்பபோர்ட். இருவரும் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் குழந்தை மனநலப் பிரிவில் பணியாற்றிய மருத்துவர்கள். 145 பேர், 243 ஸ்கேன்கள், வயது 4 முதல் 22 வரை. அந்த மூன்று பக்கங்களிலிருந்து ஓர் எண் புறப்பட்டு, பாடநூல்களுக்கும் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளுக்கும் பெற்றோர் கூட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மூளையின் முன்மடலில் சாம்பல் பொருள், அதாவது நரம்பணு உடல்கள் செறிந்த பகுதி, ஏறத்தாழ 12 வயதில் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறையத் தொடங்குகிறது என்பதே அந்தச் செய்தி.

அறிவியல் ஆசிரியராக நானும் அந்த எண்ணைப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இன்று அதே தொனியில் சொல்ல மாட்டேன். ஆனாலும் குழந்தை மூளையைப் பற்றி நடந்த ஆய்வுகளில் இதைவிட மேலான ஒன்றைக் காட்டச் சொன்னால் தடுமாறுவேன். எண் நகர்ந்துபோன பிறகும் அந்த ஆய்வு ஏன் நிலைத்து நிற்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்க வேண்டும்.

அளவுகோல் இல்லாத காலம்

வளரிளம் பருவத்து மூளை எப்படி இருக்கும் என்று அறிவதற்காகத் தொடங்கிய முயற்சி அல்ல இது. ரப்பபோர்ட்டின் பிரிவு கவனித்துவந்தது நோயுற்ற பிள்ளைகளை. 13 வயது நிரம்பும் முன்பே மனச்சிதைவு கண்டவர்கள், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் உள்ளவர்கள் எனப் பலர் அங்கே வந்தார்கள். அவர்களுடைய மூளையில் எது பிறழ்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், நலமாக இருக்கும் பிள்ளையின் மூளை அந்தந்த வயதில் எப்படி இருக்கும் என்பது முதலில் தெரிய வேண்டும். அந்த அளவுகோல் அப்போது யாரிடமும் இல்லை. 1989இல் நலமான பிள்ளைகளையும் ஸ்கேன் எடுக்கத் தொடங்கினார்கள். 1991இல் கீட் வந்து சேர்ந்தார். ஒப்பீட்டுக்காக அழைக்கப்பட்ட பிள்ளைகளே பின்னாளில் ஆய்வின் மையமாகிவிட்டார்கள்.

அதற்கு முன் அறிவியலிடம் இருந்தவை இறந்தவர்களின் மூளைகள். சிகாகோவில் பீட்டர் ஹட்டன்லோக்கர் 1979இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் அடித்தளம். பிறந்த குழந்தை முதல் 90 வயது முதியவர் வரை 21 பேரின் முன்மடல் புறணியை, அதாவது அங்குள்ள மேற்படலத்தை, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று தொடும் இணைப்புகளை அவர் எண்ணினார். 1 முதல் 2 வயதுக் குழந்தையிடம் இந்த இணைப்புகளின் அடர்த்தி பெரியவர்களைவிட 50 சதவீதம் அதிகம். பிறகு அது குறைகிறது. மூளை முதலில் தேவைக்கு மேல் இணைப்புகளை விளைவித்துக்கொண்டு பிறகு களை எடுக்கிறது என்ற கருத்து இங்கிருந்துதான் வேரூன்றியது. ஆனால் அந்த 21 மூளைகளில் ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் பார்க்க முடிந்தது. இறந்த குழந்தையின் மூளை அடுத்த ஆண்டு என்னவாக இருந்திருக்கும் என்று கேட்க வழியில்லை.

சி.டி. ஸ்கேனில் எக்ஸ்-கதிர் உண்டு. நலமான பிள்ளையை ஆய்வுக்காகத் திரும்பத் திரும்ப அதற்குள் படுக்கவைப்பதை எந்த அறமும் ஏற்காது. எம்.ஆர்.ஐ. இந்தத் தடையை நீக்கியது. வலுவான காந்தமும் ரேடியோ அலையும் உடலில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்களிடமிருந்து ஒரு குறிப்பை வாங்கித் தருகின்றன. நரம்பணு உடல்கள் செறிந்த புறணி படத்தில் சாம்பல் நிறமாகத் தெரியும். மயலின் என்ற கொழுப்புறை போர்த்திய நரம்பிழைகள், அதாவது வெண்பொருள், வெளுப்பாகத் தெரியும். ஒரே பிள்ளையை 5 வயதிலும் 7 வயதிலும் 9 வயதிலும் பார்க்கலாம் என்ற நிலை வந்தது.

பெதஸ்டாவில் மாலை நேரங்கள்

மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில் இருந்தது 1.5 டெஸ்லா காந்தவலிமை கொண்ட அந்த எம்.ஆர்.ஐ. இயந்திரம். மயக்க மருந்து கொடுப்பதில்லை என்பது குழுவின் முடிவு. அதனால் மாலையில் ஸ்கேன் வைத்தார்கள். களைத்துப்போன பிள்ளை உள்ளேயே கண்ணயர்ந்துவிட்டால் படம் நன்றாக வரும். சிறியவர்கள் தங்கள் போர்வையையும் பஞ்சு பொம்மையையும் உள்ளே எடுத்துப் போகலாம். அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருந்து கதை படித்துக் காட்டலாம். காதுத் துளையில் வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி வைத்தார்கள். அதிலுள்ள எண்ணெய் படத்தில் வெள்ளைப் பொட்டாகப் பளிச்சிடும். இரண்டு ஆண்டுக்குப் பிறகு அதே பிள்ளை திரும்பி வரும்போது தலையை அதே கோணத்தில் வைப்பதற்கு அந்தப் பொட்டுதான் அடையாளம். இந்த ஏற்பாடுகளை ஆய்வுக் கட்டுரையின் வழிமுறைப் பகுதியில் படித்தபோது எனக்கு மனம் நெகிழ்ந்தது. பல லட்சம் டாலர் இயந்திரத்தின் தலையெழுத்தை ஒரு பஞ்சு பொம்மை முடிவுசெய்திருக்கிறது.

பிள்ளைகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வந்தார்கள். இதுதான் ஆய்வின் உயிர்நாடி. கீட் 1996இல் வெளியிட்ட முதல் பெரிய கட்டுரை வேறு வகை. 4 முதல் 18 வயது வரை 104 பேரை ஒரு முறை மட்டும் படமெடுத்து, வயதுவாரியாக வரிசைப்படுத்தியது. அப்படிப் பார்க்கும்போது ஒரு சிக்கல் வருகிறது. ஒரே வயதுள்ள, எல்லா வகையிலும் நலமான இரண்டு பிள்ளைகளின் மூளை அளவில் 50 சதவீதம் வரை வேறுபாடு இருக்கலாம். 10 வயதுப் பையன் ஒருவனையும் 12 வயதுப் பையன் ஒருவனையும் பக்கத்தில் வைத்து, இரண்டு ஆண்டில் என்ன மாறியது என்று சொல்லப் புகுந்தால் அந்த வேறுபாடு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். வளர்ச்சியைக் காண வேண்டுமானால் அதே பையன் திரும்பி வர வேண்டும்.

1999 கட்டுரையின் 145 பேரில் 65 பேர் குறைந்தது இரண்டு முறையும், 30 பேர் குறைந்தது மூன்று முறையும் வந்தவர்கள். ஐந்து முறை வந்தவர் ஒருவர். மீதி 80 பேர் ஒரே ஒரு முறை. இன்றைய கணக்கில் இது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் பள்ளிக்கூடம், பரீட்சை, வீடு மாற்றம் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு குடும்பம் ஐந்து முறை திரும்பி வந்திருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

படங்களைக் கணினி பிரித்துக் கொடுத்தது. மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் ஆலன் எவன்ஸ் குழு உருவாக்கிய மென்பொருள், மூளைப் படத்தின் ஒவ்வொரு சிறு கனசதுரத்தையும் சாம்பலா, வெண்மையா, மூளைத் திரவமா என்று முடிவுசெய்தது. அவற்றைக் கூட்டியபோது கிடைத்தவை இவை. வெண்பொருள் 4 வயதிலிருந்து 22 வயதுக்குள் சீராக ஏறி 12.4 சதவீதம் கூடியது. சாம்பல் பொருள் அப்படி நேர்கோட்டில் போகவில்லை. ஏறி, வளைந்து, இறங்கியது. முன்மடலில் உச்சம் பெண் குழந்தைகளுக்கு 11.0 வயதிலும் ஆண் குழந்தைகளுக்கு 12.1 வயதிலும் வந்தது. உச்சந்தலைக்குக் கீழ் உள்ள மடலிலும் ஏறக்குறைய அதே காலம். காதோரப் பொட்டுமடல் 16 வயது வரை ஏறியது. பார்வைக்குரிய பிடரிமடல் 20 வயதிலும் ஏறிக்கொண்டிருந்தது.

ஆறு வயதுக்குள் மூளை பெரியவர்களின் அளவில் ஏறத்தாழ 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது என்பது பழைய செய்தி. அதனால் பெரிய வேலைகள் மழலைப் பருவத்திலேயே முடிந்துவிட்டன என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். பூப்புக்குச் சற்று முன்னால் இரண்டாவது முறையாக ஓர் ஏற்றம் வருகிறது, அதன்பின் பயன்படும் இணைப்புகள் தங்கிப் பயன்படாதவை நீங்குகின்றன என்று கீட் ஊகித்தார். ஹட்டன்லோக்கரின் களையெடுப்பு இங்கே மீண்டும் வந்து ஒட்டிக்கொண்டது. அது கருதுகோள். ஸ்கேனில் யாரும் இணைப்புகளை எண்ணவில்லை.

எண் ஊர் சுற்றியது

2004இல் இதே குழுவின் நிதின் கோக்டே, கலிபோர்னியாவின் பால் தாம்சன், ஆர்தர் டோகா ஆகியோருடன் சேர்ந்து 13 பிள்ளைகளின் 52 ஸ்கேன்களை ஒரு நகரும் படமாக மாற்றினார். தொடுதலையும் அசைவையும் ஆளும் பகுதிகள் முதலில் முதிர்கின்றன. திட்டமிடுதலுக்கும் புலன்களை ஒருங்கிணைப்பதற்கும் உரிய பகுதிகள் கடைசியில் முதிர்கின்றன. நிறம் மாறி மாறிப் படரும் அந்தப் படம் உலகெங்கும் திரையிடப்பட்டது. 2007இல் பிலிப் ஷா, ஏ.டி.எச்.டி. உள்ள 223 பிள்ளைகளையும் இல்லாத 223 பிள்ளைகளையும் ஒப்பிட்டார். புறணியின் தடிமன் உச்சத்தைத் தொடும் இடைநிலை வயது ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் 10.5, இல்லாதவர்களிடம் 7.5 என்று வந்தது. வளர்ச்சியின் பாதை அவர்களுக்கும் அதேதான், நேரம்தான் தாமதம் என்ற அந்தச் செய்தி பல பெற்றோருக்கு உண்மையான ஆறுதலாக இருந்தது.

இந்த ஆய்வுகளின் செய்தி நீதிமன்றத்துக்கும் போனது. 2005இல் ரோப்பர் எதிர் சிம்மன்ஸ் வழக்கில், 18 வயதுக்கு முன் குற்றம் செய்தவருக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அமெரிக்க மருத்துவச் சங்கமும் வேறு அமைப்புகளும் மூளை ஸ்கேன் ஆய்வுகளை அடுக்கி மனு கொடுத்திருந்தன. நீதிபதி கென்னடியின் தீர்ப்பு பெரிதும் நடத்தை முதிர்ச்சியின்மேல்தான் நின்றது. 2010இல் கிரஹாம் எதிர் புளோரிடா வழக்கில்தான் அவர் மூளை அறிவியலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அந்தத் தீர்ப்புகள் சரியானவை என்றே நான் நம்புகிறேன். பதினேழு வயதுப் பிள்ளையைத் தூக்கிலிடக் கூடாது என்று சொல்ல ஸ்கேன் தேவையில்லை.

மறுபக்கம், 2007 வாக்கில் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று, பதினாறு வயதினர் மூளையில் ஒரு துண்டு இல்லாததுபோல் வண்டி ஓட்டுகிறார்கள், ஏனென்றால் உண்மையிலேயே அது இல்லை என்ற பொருளில் விளம்பரம் வெளியிட்டது. தாமதமாக முதிர்கிறது என்பது, இல்லவே இல்லை என்றாகிவிட்டது. பிள்ளைகளைப் பற்றிய ஒரு நல்ல செய்தி பிள்ளைகளுக்கு எதிராகத் திரும்பிய இடம் அது.

தலை அசைந்தால்

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகனுக்கு ஐந்து வயதில் தலைவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தது. ஒரு மருத்துவமனையில் தங்கையோடு நானும் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றேன். உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம். ஒலிபெருக்கியில் டெக்னீஷியன், "கண்ணு, ஆடாம படுத்திரு, முடிஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பையன் மூக்கைச் சொறிந்தான். வெளித்திரையில் வந்த படத்தில் மூளையின் ஓரமெங்கும் குளத்தில் கல் எறிந்ததுபோல் வளைய வளையமாகக் கோடுகள். புறணி எங்கே முடிகிறது, வெண்பொருள் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. "இன்னொரு தடவை எடுக்கணும்" என்றார். மூன்றாவது முறை அவன் தூங்கிப்போன பிறகுதான் படம் சரியாக வந்தது. அவனுக்கு ஒன்றும் இல்லை.

அந்த வளையங்களில்தான் இந்த ஆய்வின் பிற்காலக் கதை அடங்கியிருக்கிறது. 2015இல் பாஸ்டனில் மார்ட்டின் ராய்ட்டர் குழு, வளர்ந்த தன்னார்வலர்களை ஸ்கேனருக்குள் வேண்டுமென்றே தலையை அசைக்கச் சொல்லிப் பார்த்தது. அசைய அசைய, அதே ஆளின் சாம்பல் பொருள் குறைவாகவும் மெலிந்ததாகவும் கணக்கில் வந்தது. கண்ணுக்குப் பழுதே தெரியாத படங்களிலும் சிறு அசைவு அளவை இறக்கிவிடுகிறது. இப்போது யார் அதிகம் அசைவார்கள் என்று யோசியுங்கள். 5 வயதுப் பிள்ளை 12 வயதுப் பிள்ளையைவிட அதிகம் அசையும். சிறிய வயதில் அளவு போலியாகக் குறைந்தால், வயது ஏற ஏறச் சாம்பல் பொருள் 'ஏறுவதாக' வரைபடம் காட்டும். ஏறி இறங்கும் அந்த வரைபட மலையின் இடப்பக்கச் சரிவு, பிள்ளைகள் மூக்கைச் சொறிந்ததால் வந்ததாகவும் இருக்கலாம்.

இதை நேராகச் சோதித்தவர்கள் மான்ட்ரியல்காரர்களே. 2016இல் சைமன் டுஷார்ம் தலைமையில் வந்த கட்டுரையில் ஆலன் எவன்ஸின் பெயரும் உண்டு. 1999இல் கீட்டுக்குப் படங்களைப் பிரித்துக் கொடுத்த அதே எவன்ஸ். வேறொரு பெரிய அமெரிக்கத் திட்டத்தின் பிள்ளைப் படங்களை எடுத்துக்கொண்டு, பழுதுள்ளவற்றைக் கறாராக நீக்கிவிட்டுப் புறணியின் தடிமனை அளந்தார்கள். எல்லாப் படங்களையும் சேர்த்தபோது பல இடங்களில் வளைவுகள் இருந்தன. வடிகட்டிய பிறகு பெரும்பாலான இடங்களில் வளைவு மறைந்து, சிறு வயதிலிருந்தே சீராக இறங்கும் கோடு மிஞ்சியது. அவர்கள் அளந்தது தடிமன், 1999இல் அளந்தது கன அளவு. ஆகவே ஒன்று மற்றதை அப்படியே அழித்துவிட்டது என்று சொல்வது அவசரம். ஆனால் அதே 2016இல் கேத்ரின் மில்ஸ் உள்ளிட்டோர் நான்கு தனித்தனித் தொடராய்வுகளைச் சேர்த்துக் கன அளவையே பார்த்தபோதும், சாம்பல் பொருள் குழந்தைப் பருவத்தில்தான் மிகுந்திருந்தது, வளரிளம் பருவத்தில் இறங்கியது. எவன்ஸ் தன் பெயர் தாங்கிய பழைய முடிவின் அடியில் இருந்த கல்லைத் தானே புரட்டிப் பார்த்தார். இதைத்தான் என் மாணவர்களிடம் இப்போது முதலில் சொல்கிறேன்.

2022இல் ரிச்சர்ட் பெத்லஹேம், ஜேக்கப் சீட்லிட்ஸ் முதலானோர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட தொகுப்பு 1,01,457 பேரின் 1,23,984 ஸ்கேன்களைக் கொண்டது. கருவின் 115ஆம் நாள் முதல் 100 வயது வரை. அதில் புறணியின் சாம்பல் பொருள் உச்சத்தைத் தொடுவது 5.9 வயதில். வெண்பொருளின் உச்சம் 28.7 வயதில். பன்னிரண்டு ஆறாகிவிட்டது.

சேர்க்கப்பட்ட பிள்ளைகள் யார் என்பதும் கணக்கை மாற்றுகிறது. பெதஸ்டாவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள், அவர்களின் நுண்ணறிவு மதிப்பெண்ணும் சராசரிக்கு மேல். கேயா லெவின் குழு 2017இல் வேறொரு அமெரிக்க ஆய்வின் தரவை நாட்டின் உண்மையான மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப எடைபோட்டுக் கணக்கிட்டபோது, மூளை வளர்ச்சியின் சில உச்சங்கள் முன்னதாகவே வந்தன. ஒரு ஊர்ப் பிள்ளைகளின் படத்தை எல்லா ஊர்ப் பிள்ளைகளின் படம் என்று சொல்ல முடியாது.

மெலிவது எது?

சாம்பல் பொருள் குறைகிறது என்பதில் இன்று யாருக்கும் பெரிய ஐயமில்லை. குறைவது எது என்பதில்தான் ஐயம். ஸ்கேனின் ஒரு கனசதுரம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மனிதப் புறணியில் அந்த அளவில் எவ்வளவு இருக்கிறது? 2024இல் ஹார்வர்டின் ஜெஃப் லிக்ட்மன் குழுவும் கூகுளும் சேர்ந்து அப்படி ஒரு கன மில்லிமீட்டரை மின்நுண்ணோக்கியில் முழுதாக வரைந்தன. அதில் 57,000 செல்கள், ஏறத்தாழ 15 கோடி இணைப்புகள். எம்.ஆர்.ஐ. அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு சாம்பல் நிறத்தைத் தருகிறது. அந்த நிறத்தைப் பார்த்து இணைப்புகள் களையெடுக்கப்படுகின்றன என்று சொல்வது, விமானத்திலிருந்து ஊரைப் பார்த்துவிட்டு எந்த வீட்டில் யார் குடிபெயர்ந்தார் என்று சொல்வதற்கு ஒப்பு.

2019இல் ஸ்டான்ஃபோர்டில் வைதேகி நாட்டு, கலனித் கிரில்-ஸ்பெக்டர் உள்ளிட்டோர் பார்வைப் புறணியில் இன்னொரு விளக்கத்துக்குச் சான்று காட்டினார்கள். முகங்களையும் எழுத்துகளையும் அடையாளம் காணும் பகுதிகள் பிள்ளைப் பருவத்தில் மெலிவதுபோல் தெரிகின்றன. அங்கே மயலின் கூடுகிறது. புறணியின் அடிப்பகுதிக்குள் மயலின் ஏறும்போது அந்த ஓரம் வெளுத்துவிடுகிறது. கணினி அதை வெண்பொருள் பக்கம் சேர்த்துவிடுகிறது. எல்லைக்கோடு மேலே நகர்கிறது, புறணி மெலிந்ததாகக் கணக்கு வருகிறது. இழப்பு என்று நாம் படித்தது, அந்தப் பகுதிகளில் ஓரளவு சேர்மானமாக இருக்கலாம்.

நம்மிடையே பரவலாகப் பேசப்படும் 25 வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'மூளை 25 வயதில் முழுமையடைகிறது' என்று பேச்சாளர்கள் இந்த ஆய்வை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். 1999 ஆய்வில் மூத்தவருக்கு வயது 22தான். 25 என்ற எண் அதற்குள் இல்லை. வெண்பொருள் 28 வயதைத் தாண்டியும் ஏறுகிறது, சாம்பல் பொருள் ஆறு வயதிலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது. முடிவுக்கோடு என்று ஒன்றை எங்கே வரைவது?

நகராமல் நின்றவை எவை? அசைவுப் பகுதிகள் முதலில், திட்டமிடும் பகுதிகள் பிறகு என்ற வரிசை பல நாட்டுத் தரவுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. வெண்பொருளின் நீண்ட ஏற்றம் நின்றிருக்கிறது. வளரிளம் பருவத்தில் மூளை மாறிக்கொண்டே இருக்கிறது என்ற செய்தி நின்றிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், அதே பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற முறை நின்றிருக்கிறது. 2007 வாக்கில் கீட்டின் குழுவிடம் ஏறத்தாழ 2,000 பேரின் 5,000 ஸ்கேன்கள் சேர்ந்திருந்தன. அவர் பின்னர் சான் டியேகோவுக்குப் போனார். முறை நாடெங்கும் பரவியது.

ஏ.பி.சி.டி. என்ற பெயரில் அமெரிக்காவில் இப்போது நடக்கும் ஆய்வில் 9, 10 வயதில் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 11,880 பேர் இருக்கிறார்கள். 21 மையங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஸ்கேன். பிள்ளைகள் முதலில் காந்தம் இல்லாத போலி ஸ்கேனருக்குள் படுத்து அசையாமல் இருக்கப் பழகுகிறார்கள். அதன்பிறகே உண்மையான இயந்திரம். உள்ளே தலை நகர்ந்தால் அதைக் கண்டுகொண்டு, படமெடுக்கும்போதே சரிசெய்யும் ஏற்பாடும் பெரும்பாலான இயந்திரங்களில் இருக்கிறது. 1999இல் அது இல்லை. அன்று இருந்தவை ஒரு போர்வை, ஒரு பொம்மை, பக்கத்தில் கதை படிக்கும் அம்மாவின் குரல்.